ஓட்டு இல்லாத 11 லட்சம் பேருக்கு ஒரு பிரதிநிதி: நார்வேயின் குழந்தைகள் ஆம்புட்ஸ்மேன் என்ன செய்கிறார்?

பேங்க் கணக்கில் காரணமே சொல்லாமல் பணம் பிடித்துவிட்டார்கள். கிளைக்குப் போய்க் கேட்டும் சரியான பதில் இல்லை. அடுத்து எங்கே போவது? ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கலாம் என்பது இன்று பலருக்கும் தெரியும்.

அதே குறை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வந்தால்? பள்ளியில் தினமும் சக மாணவர்கள் அடிக்கிறார்கள், ஆசிரியர் கண்டுகொள்ளவில்லை. அல்லது அப்பா, அம்மா பிரிந்துவிட்டார்கள். யாரிடம் இருக்க விருப்பம் என்று யாருமே கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஓட்டு இல்லை. வக்கீல் வைக்கப் பணம் இல்லை. சங்கம் அமைத்துப் போராடவும் வழியில்லை. “சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப உலகிலேயே முதலில் சட்டம் போட்டு ஒரு தனிப் பதவியை உருவாக்கிய நாடு நார்வே. ஆண்டு 1981. சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில், 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் ஏறக்குறைய 11 லட்சம். அதாவது, ஐந்தில் ஒருவர். அவர்கள் எல்லோருக்காகவும் அரசிடம் பேசுவதுதான் குழந்தைகள் ஆம்புட்ஸ்மேனின் வேலை.

இந்தப் பதவி எப்படி வந்தது?

ஆம்புட்ஸ்மேன் என்ற சொல் ஸ்கேண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்தது. ஒருவர் சார்பில் பேசுகிற பிரதிநிதி என்று பொருள் கொள்ளலாம். அரசு அதிகாரிகள் மீது மக்கள் தரும் புகாரை விசாரிக்க ஸ்வீடன் 1809ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே இந்தப் பதவியைச் சேர்த்தது. ஆனால், அது பெரியவர்களுக்கானது.

குழந்தைகளுக்கும் இப்படி ஒருவர் வேண்டும் என்ற யோசனையை நார்வேயில் 1968இல் முன்வைத்தவர் ஆந்தர்ஸ் பிராத்ஹோல்ம் என்ற சட்டப் பேராசிரியர். உடனே நடந்துவிடவில்லை. ‘பெற்றோரின் அதிகாரத்தில் அரசு தலையிடுவதா?’ என்ற எதிர்ப்பு பலமாகவே இருந்தது. 1979ஐ ஐ.நா. சர்வதேசக் குழந்தைகள் ஆண்டாக அறிவித்தபோது பேச்சு மறுபடி சூடு பிடித்தது. 1981 மார்ச்சில் சட்டம் வந்தது.

முதல் ஆம்புட்ஸ்மேனாக வந்தவர் மால்ஃப்ரித் கிரூட ஃப்ளெக்கோய் என்ற குழந்தை உளவியலாளர். அவருக்குப் பின் 1989இல் வந்தவர் இன்னும் சுவாரஸ்யமானவர். தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திப் பிரபலமான டாக்டர் த்ரூண்ட்-விக்கோ தோர்கெர்சென். பிள்ளைகள் தயங்காமல் பேசக்கூடிய ஒரு முகம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது.

ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை நிறைவேறியது 1989 நவம்பர் 20 அன்றுதான். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே நார்வே இதைத் தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்பாடு, அந்த உடன்படிக்கையை அரசு ஒழுங்காகப் பின்பற்றுகிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பும் ஆம்புட்ஸ்மேன் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

என்ன அதிகாரம் இருக்கிறது?

பேங்க் ஆம்புட்ஸ்மேன் போல “பணத்தைத் திருப்பிக் கொடு” என்று உத்தரவு போடும் அதிகாரம் இவருக்குக் கிடையாது. அமைச்சரின் முடிவை ரத்து செய்யவும் முடியாது. அபராதம் விதிக்கவும் முடியாது. பிறகு எதுக்கு இந்தப் பதவி என்று கேட்கத் தோன்றும். அவர் கையில் இருப்பவை நான்கு.

முதலாவது, உள்ளே நுழையும் உரிமை. குழந்தைகள் தங்கியிருக்கும் எந்த நிறுவனத்துக்குள்ளும், அது அரசினுடையதோ தனியாருடையதோ, அவர் போகலாம். கதவைச் சாத்த முடியாது.

இரண்டாவது, கோப்புகளைப் பார்க்கும் உரிமை. பணிக்குத் தேவையென்றால், ரகசியம் என்று முத்திரை குத்தப்பட்ட ஆவணங்களையும் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது, சட்டம் உருவாகும்போதே கருத்து சொல்லும் இடம். நார்வேயில் ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்குப் போகும் முன் சம்பந்தப்பட்ட அமைப்புகளின் கருத்துக்கு அனுப்பப்படும். அப்போதே, இது பிள்ளைகளை எப்படிப் பாதிக்கும் என்று ஆம்புட்ஸ்மேன் எழுத்தில் சொல்லிவிடுவார். யாரும் கேட்காவிட்டாலும் தானாகவே தலையிடலாம்.

நான்காவது, சுதந்திரம். நிர்வாக ரீதியில் குழந்தைகள் அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும், இதைப் பேசு, அதைப் பேசாதே என்று அமைச்சகமோ நாடாளுமன்றமோ சொல்ல முடியாது. இப்போது பதவிக்காலம் ஆறு ஆண்டு, ஒரே ஒரு முறைதான். மறுநியமனம் வேண்டும் என்பதற்காக ஆட்சியில் இருப்பவர்களின் மனம் கோணாமல் நடக்க வேண்டிய அவசியம் இல்லை.

பிள்ளைகளிடம் எப்படிக் கேட்கிறார்கள்?

குழந்தையே நேரடியாக அலுவலகத்துக்குப் போன் பண்ணலாம், எழுதலாம். அப்பா, அம்மாவின் அனுமதி தேவையில்லை. உன் உரிமை இது, நீ போக வேண்டிய இடம் இது என்று வழி சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் விஷயத்தை வெளியே எடுத்துச் செல்வதென்றால், அந்தப் பிள்ளையின் சம்மதம் வேண்டும் என்பது விதி.

இன்னொரு வழியும் உண்டு. காப்பகத்தில் வளர்ந்தவர்கள், பெற்றோர் சிறையில் இருப்பவர்கள், வன்முறையைச் சந்தித்தவர்கள் என ஒரே அனுபவம் உள்ள பிள்ளைகளை அழைத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நிபுணர் கூட்டம்’. நிபுணர்கள் வேறு யாருமல்ல, அந்தப் பிள்ளைகள்தான்.

2020இல் வெளியான ஒரு அறிக்கை நல்ல உதாரணம். பிள்ளைகளுக்கான மனநலச் சேவை எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்த அந்த அறிக்கைக்கு, ‘மனநல கிளினிக் ஒரு பெட்டிக்குள் என் கையோடு இருந்திருக்கலாம்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். சேவை ஓரிடத்தில் இருக்கிறது, தேவை வேறிடத்தில் இருக்கிறது என்பதைப் பிள்ளையின் பேச்சிலேயே சொல்லும் தலைப்பு அது.

என்ன மாறியது?

தொடக்க ஆண்டுகளிலேயே சில பலன்கள் தெரிந்தன. பெற்றோர் உட்பட யாரும் குழந்தையை அடிக்கக் கூடாது என்று 1987இல் நார்வே சட்டம் கொண்டுவந்தது. அதற்காக வலியுறுத்தியவர்களில் ஆம்புட்ஸ்மேன் அலுவலகமும் ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் பிள்ளைகளின் உரிமைகளுக்கான விதிகளும் அந்த அலுவலகம் கையில் எடுத்த விஷயங்களில் அடக்கம். 2003இல் ஐ.நா. உடன்படிக்கை நார்வேயின் உள்நாட்டுச் சட்டமாகவே ஆக்கப்பட்டது. 2014இல் குழந்தைகளின் உரிமை அரசியல் சட்டத்திலும் ஏறியது. இதெல்லாம் ஒருவரால் மட்டும் நடந்ததல்ல. ஆனால், ஒவ்வொரு விவாதத்திலும் பிள்ளைகள் பக்கம் நின்று பேச ஒரு ஆள் இருந்தார்.

எங்கே சிக்குகிறது?

பேச மட்டுமே அதிகாரம் உள்ளவர் பேசியும் அரசு அசையாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் நார்வேயிலேயே உதாரணம் இருக்கிறது.

போர் நடக்கும் நாடுகளிலிருந்து பெற்றோர் துணையின்றித் தனியாக வந்து அடைக்கலம் கேட்கும் பிள்ளைகள் உண்டு. 2015இல் மட்டும் இப்படி 5,000 பேருக்கும் மேல் நார்வேயில் விண்ணப்பித்தார்கள். இவர்களில் 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு 2007 இறுதியில் குழந்தைகள் நலத்துறைக்கு மாற்றப்பட்டது. 15 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் மட்டும் குடியேற்றத் துறையின் கீழுள்ள முகாம்களிலேயே விடப்பட்டார்கள். அங்கே ஊழியர்களும் குறைவு, கவனிப்பும் குறைவு. முகாம்களிலிருந்து பிள்ளைகள் காணாமல் போவதும் நடந்திருக்கிறது.

பதினைந்து வயது நார்வே பிள்ளைக்குப் பெற்றோர் இல்லையென்றால் நலத்துறை பார்த்துக்கொள்ளும். அதே வயது ஆப்கன் பிள்ளைக்கு மட்டும் வேறு விதியா? ஒருவர் பின் ஒருவராக வந்த ஆம்புட்ஸ்மேன்கள் இந்தப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள். ஐ.நா. குழந்தை உரிமைகள் குழுவும் சொல்லிவிட்டது. செலவு, குடியேற்றக் கொள்கை என்று அரசுகள் காரணம் சொல்லியே வந்திருக்கின்றன.

இன்னொன்று: உள்நாட்டில் நியாயம் கிடைக்காத பிள்ளை ஐ.நா. குழுவிடமே முறையிட வழிசெய்யும் கூடுதல் உடன்படிக்கை 2014இல் அமலுக்கு வந்தது. அதில் சேர வேண்டும் என்று ஆம்புட்ஸ்மேன் வலியுறுத்தினார். சேர வேண்டாம் என்பதே 2016இல் அரசு எடுத்த நிலை.

குழந்தைகளைப் பிரித்தது இவர்களா?

நார்வே என்றதும் இந்தியாவில் பலருக்கு நினைவு வருவது, 2011இல் ஒரு இந்தியத் தம்பதியின் இரண்டு குழந்தைகளை அதிகாரிகள் எடுத்துச் சென்ற வழக்கு. அதை ஒட்டி இந்திப் படமும் வந்தது. அந்த நடவடிக்கையை எடுத்தது ‘பார்னவெர்னெட்’ என்ற குழந்தைகள் நலத்துறை. ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் வேறு. குடும்பத்துக்குள் நடக்கும் தனிப்பட்ட தகராறிலோ, கோர்ட்டுக்குப் போய்விட்ட வழக்கிலோ ஆம்புட்ஸ்மேன் தலையிட முடியாது. நலத்துறை சரியாக நடக்கிறதா என்று பொதுவாகக் கண்காணித்து, குறை இருந்தால் சொல்வதுதான் அவர் பங்கு. அந்தத் துறையில் குறை இல்லாமலும் இல்லை. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துத் தத்துக் கொடுத்த ஒரு வழக்கில், குடும்ப வாழ்வுக்கான உரிமையை நார்வே மீறிவிட்டதாக 2019 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மற்ற நாடுகளில்?

நார்வேயைப் பார்த்து ஸ்வீடன் 1993இல் தொடங்கியது. வேல்ஸில் 2001இல் குழந்தைகள் ஆணையர் வந்ததன் பின்னணி வேதனையானது. வடக்கு வேல்ஸின் காப்பகங்களில் பல ஆண்டுகள் பிள்ளைகள் கொடுமைக்கு ஆளாகியும் அவர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்த பிறகுதான் அந்தப் பதவி பிறந்தது. அயர்லாந்தில் 2004இல் வந்த ஆம்புட்ஸ்மேன் தனிப்பட்ட புகார்களையும் விசாரிக்கிறார். ஐரோப்பாவின் இத்தகைய அமைப்புகள் 1997 முதல் ஒரே கூட்டமைப்பாக இயங்குகின்றன.

இந்தியாவில் ஆம்புட்ஸ்மேன் என்ற பெயர் இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2007 மார்ச் முதல் செயல்படுகிறது. ஒரு தலைவர், ஆறு உறுப்பினர்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு. மாநிலங்களுக்கும் தனி ஆணையம் உண்டு. போக்சோ, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இரண்டும் ஒழுங்காக அமலாகின்றனவா என்று பார்ப்பதும் இவற்றின் பொறுப்பு. சாட்சிகளுக்குச் சம்மன் அனுப்பும் சிவில் நீதிமன்ற அதிகாரம் இருக்கிறது. அந்த வகையில் நார்வேயைவிடக் கை நீளம். ஆனால், விசாரணை முடிந்தபின் அரசுக்குப் பரிந்துரைதான் செய்ய முடியும். தேவைப்பட்டால் கோர்ட்டுக்குப் போகலாம்.

ஆக, நார்வேயோ இந்தியாவோ, கடைசி முடிவு அரசின் கையில்தான். அந்த முடிவை எடுப்பவர் முன்னால், அவர் விரும்பாவிட்டாலும், பிள்ளைகளின் வார்த்தையைக் கொண்டுபோய் வைக்க யாரையும் சாராத ஒருவர் வேண்டும். மனநலச் சேவை பற்றிய அறிக்கை அப்படித்தான் உருவானது. முகாம்களில் இருக்கும் 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்காகவும் அடுத்தடுத்து வந்த ஆம்புட்ஸ்மேன்கள் அதையேதான் செய்திருக்கிறார்கள்.