துளையிடும் முன் வரைய வேண்டிய படம்

நகரத்துக்குள் பெட்ரோல் நிலையமோ, தோல் பதனிடும் ஆலையோ, ரசாயனக் கிடங்கோ இயங்கி மூடப்பட்ட இடத்தில் குடியிருப்பு எழுப்பப்படும்போது, நாலைந்து இடங்களில் துளையிட்டு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் மண்ணின் நிலையும் நிலத்தடி நீரின் நிலையும் தெரிந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அத்தகைய ஆய்வின் வெற்றி தோல்வி, துளையிடும் எந்திரம் வந்து சேரும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

முதலில் தேவைப்படுவது அந்த இடத்தின் வரலாறு. பழைய வரைபடங்கள், உரிமப் பதிவுகள், பாதாளச் சாக்கடைத் திட்டப்படங்கள், அங்கு வேலை பார்த்த முதியோரின் நினைவு ஆகியவற்றைக் கொண்டு மாசு எங்கிருந்து வந்திருக்கலாம், எந்த வழியாக நகரும், யாரைச் சென்றடையும் என்ற மூன்றையும் இணைத்து ஒரு கருத்துருப் படம் வரையப்படுகிறது. பின்னர் தோண்டப்படும் ஒவ்வொரு துளையும் அந்தப் படத்தைச் சோதிப்பதற்கே. சென்னையில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். மாம்பலம் நெடிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகரானதும், நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் காட்டுவதுபோல, நகர நிலத்தின் மேலடுக்கு பல இடங்களில் எங்கிருந்தோ கொட்டப்பட்ட மண்ணாக இருக்கிறது. அதில் ஏற்கெனவே இருந்த மாசைப் பின்னால் வந்த ஆலையின் மாசு என்று பிழையாகக் கொள்ளவும், ஆலையின் மாசைக் கொட்டிய மண்ணின்மேல் சுமத்தித் தப்பிக்கவும் வாய்ப்புண்டு.

அடுத்து, தேடப்படும் பொருளின் இயல்பு. 2013-இல் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் நிலத்தடி எரிபொருள் குழாயில் ஏற்பட்ட கசிவினால் வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. பெட்ரோலியப் பொருள்கள் நீரைவிட இலேசானவை. அவை நிலத்தடி நீர்மட்டத்தின்மேல் மிதந்து பரவ, அவற்றிலுள்ள பென்சீன் சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. ஆகவே கண்காணிப்புக் கிணற்றுக் குழாயின் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் அமைந்துவிட்டால், மேலே எண்ணெய் மிதக்கும்போதும் கிணறு அதைக் காட்டாது. உலோகத்தின் எண்ணெய்ப்பசை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீனோ நீரைவிடக் கனமானது. நீர்மட்டத்தைக் கடந்து இறங்கி, அடியிலுள்ள களிமண் படுகையின்மேல் தங்கும். அப்படுகையைக் கவனமின்றித் துளைத்தால், அதுவரை தூய்மையாக இருந்த ஆழ்நீருக்கும் ஆய்வே மாசைக் கொண்டு சேர்த்துவிடும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் குவிந்து கிடந்த ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலுள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மிதப்பதுமில்லை, தங்குவதுமில்லை. கரைந்து நீரோடு நகர்கிறது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

நீர் செல்லும் திசையை அறிய, ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளேனும் வேண்டும். அவற்றின் வாய்மட்டம் துல்லியமாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். நகரத்தில் அடுக்குமாடிகளின் மோட்டார்கள் நீரைத் தம் பக்கம் இழுப்பதாலும், கசியும் குடிநீர்க் குழாய்கள் நீரை ஊட்டுவதாலும், குழாய் பதித்த பள்ளங்களின் தளர்ந்த நிரப்பு மாசுக்கு எளிய வழியாவதாலும் அத்திசை இடத்துக்கு இடம் மாறும். மாசு எட்டாத, நீரோட்டத்தின் மேல்பக்கத்திலும் ஒரு கிணறு இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் வெகுவாக மாறுவதால், ஒரே முறை எடுத்த மாதிரியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது தவறு.

மாதிரி எடுக்கும் முறையும் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பென்சீன் போன்று ஆவியாகும் பொருள்களுக்கு, காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி மூடிய கண்ணாடிக் குப்பி குளிர்ந்த பெட்டியில் செல்ல வேண்டும். பாதி நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் வரும் நீர், மாசு இருந்தும் இல்லை என்று சொல்லிவிடும். அத்தகைய 'இல்லை' என்ற அறிக்கையை நம்பி மக்கள் தொடர்ந்து அந்த நீரையே குடிப்பார்கள் என்பதால், அது ஆய்வே நடக்காததைவிடக் கொடியது.

ஆகவே தங்கள் தெருவில் இத்தகைய ஆய்வு தொடங்கும்போது, முடிவுகள் வரட்டும் என்று காத்திராமல், துளைகள் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்தப் பொருளைத் தேடி இடப்படுகின்றன என்ற திட்டத்தை முதலிலேயே தமிழில் தரும்படி குடியிருப்போர் கேட்க வேண்டும். அரசு அலுவலகங்களிடமுள்ள அந்த ஆவணத்தைக் கேட்டுப் பெற 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழிசெய்கிறது.