எல்கேஜிக்கு எட்டாத உதவி

பிள்ளையின் படிப்புக்காகத் தாயின் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 15,000 ரூபாய் போடுவதாக அறிவித்த ஆந்திர அரசின் ‘அம்ம ஒடி’ திட்டம் 2020 ஜனவரி 9 அன்று சித்தூரில்தான் தொடங்கியது. 2025இல் வந்த ‘தல்லிகி வந்தனம்’, வீட்டில் படிக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் அதை விரிவுபடுத்தியது. இரண்டுமே ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். ஆனால் அதே சித்தூர் மாவட்டத்தின் வெதுருகுப்பம் மண்டலத்தில் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்குப் படிப்புச் செலவு தனியார் பள்ளியின் எல்கேஜியிலேயே வந்துவிடுகிறது. கட்டணம், வேன், சீருடை, புத்தகம் என்று ஜூன் மாதத்தில் மொத்தமாகக் கேட்கிறார்கள். கூலியோ அன்றாடம் வந்து அன்றாடம் தீர்வது. நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும் அந்த ஆண்டுகளில்தான் அரசின் உதவி இல்லை.

அங்கன்வாடி இலவசமாக இருக்கும்போது ஏன் கடன்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 1975 முதல் அங்கன்வாடிகள் ஏழைக் குழந்தைகளின் பசியாற்றி வருவது பெரிய காரியம். ஆனால் எடை பார்ப்பதும், கர்ப்பிணிகளைக் கவனிப்பதும், பதிவேடு எழுதுவதும், செல்போனில் விவரம் ஏற்றுவதும் ஒரே ஊழியரின் தலையில் விழுகின்றன. கற்பித்தல் மிச்ச நேரத்துக்குத் தள்ளப்படுகிறது. தனியார் பள்ளியின் ஒன்றாம் வகுப்பிலோ யுகேஜி முடித்த பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். இதைப் பார்த்துக் கடன் வாங்கும் தாயை வீண் பெருமைக்காரி என்பது அநியாயம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குகிறது. பள்ளியில் மழலையர் வகுப்பு இருந்தால் அங்கேயே ஒதுக்கீடு பொருந்தும் என்றும் சொல்கிறது. தமிழ்நாடு எல்கேஜியில் சேர்க்கிறது, ஆந்திரா ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறது. எல்லைக்கு ஆந்திரப் பக்கம் பிறந்த குழந்தை ஏன் காத்திருக்க வேண்டும்?

மூன்று வயதில் எழுத்துப் பாடம் எதற்கு என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1962இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு 123 ஏழைக் குழந்தைகளை நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தது. அதில் பயன்பெற்றவர்கள் படிப்பிலும் வருமானத்திலும் முன்னே நின்றார்கள். அங்கே நடந்தது விளையாட்டு வழிக் கற்றலும், ஆசிரியர் வாரந்தோறும் வீட்டுக்கே வந்து தாயோடு பேசுவதும்தான்; மனப்பாடம் அல்ல. அங்கன்வாடியிலும் இது முடியும், கற்பிக்கவென்றே ஒருவர் இருந்தால். தமிழ்நாடு 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது; 2022இல் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்ததும் எதிர்ப்பு எழுந்து, முடிவு மாறியது. ஆந்திர அரசும் ஒதுக்கீட்டை எல்கேஜிக்கு இறக்கி, தாய்மாருக்கான பணத்தையும் அதே வயதிலிருந்து தரட்டும். அங்கன்வாடிக்குத் தனி ஆசிரியர் வரும்வரையாவது.