புருவத்துக்கு எத்தனை மில்லிமீட்டர்?

ஊசியால் தோலுக்குள் நிறம் ஏற்றும் பெர்மனன்ட் மேக்கப் மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘ஸ்ட்ரோக் எவ்வளவு?’ என்றுதான். 2.5, 3, 3.5, 4 மில்லிமீட்டர் என்று விற்பவரும் அடுக்குகிறார். எண் கூடினால் பவரும் கூடும் என்று நம்பி, இருப்பதிலேயே பெரியதை வாங்கிப் போகிறவர்கள் உண்டு. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்ட்ரோக் என்பது ஊசி ஒருமுறை இறங்கும்போது கடக்கிற தூரம். பேனா மாதிரியான அந்த மெஷினுக்குள் மோட்டார் சுழல, தண்டில் மையம் விலகிப் பொருத்திய சின்ன கேம் ஊசியைத் தள்ளுகிறது. விலகல் கூடினால் ஸ்ட்ரோக்கும் கூடும். அதற்காக 4 மில்லிமீட்டரும் தோலுக்குள் போய்விடாது. முகத்தில் மேல்தோலின் கனமே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான்; கண் இமையில் அதிலும் பாதி. நிறம் தங்க வேண்டியது அதற்குச் சற்றுக் கீழே. ஊசி எவ்வளவு ஆழம் போகும் என்பது, கார்ட்ரிட்ஜ் என்ற ஊசிக்கூட்டின் முனைக்கு வெளியே அது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, கை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

பிறகு ஸ்ட்ரோக் எதற்கு? அடியின் வேகத்துக்கு. விநாடிக்கு 100 முறை குத்தும் மெஷினில், 2.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்றால் ஊசி இறங்கியும் ஏறியும் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிறது; 4 என்றால் 80. அதே மோட்டார், அதே ஊசி, ஆனால் தோலில் விழும் அடி வேறு. அதனால்தான் புருவத்துக்கான பவுடர் ப்ரோ, உதட்டுக்கான லிப் ப்ளஷ் போன்ற மென்மையான ஷேடிங்குக்குப் பொதுவாக 2 முதல் 2.5 வரை போதும் என்கிறார்கள். முடி முடியாகக் கோடு இழுக்க 3, 3.5. அதற்கு மேலே போனால் கை கால்களில் டாட்டூ போடுகிறவர்களின் உலகம்.

அனுபவசாலிகள் சிலர், ‘நீண்ட ஸ்ட்ரோக்கில் நிறம் சீக்கிரம் ஏறும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்த வேண்டியதில்லை’ என்பார்கள். பழகிய கைக்கு அது சரி.

அந்தப் பழகிய கையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இடது கையின் இரண்டு விரல்கள் புருவத்துத் தோலை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். தளர்ந்தால் ஊசி துள்ளும். சில வரிசைப் புள்ளிகள் வைத்ததும் பஞ்சால் ஒற்றி எடுத்து, அந்தப் பஞ்சைத்தான் உற்றுப் பார்ப்பார். மேல்தோலில் ரத்தக்குழாய் கிடையாது. சிவப்பு நிறையத் தெரிந்தால் ஊசி ஆழம் போய்விட்டது என்று அர்த்தம். உடனே பிடியில் இருக்கும் வளையத்தைத் திருகி ஊசியை உள்ளே இழுத்துக்கொள்வார்.

என் கவலையெல்லாம் இரண்டு மூன்று நாள் பயிற்சி வகுப்புகள் பற்றியது. சிலிக்கோன் தோலில் பழகி, சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டி, மறுவாரமே நிஜ முகத்தில் மெஷினை வைத்துவிடுகிறார்கள். சிலிக்கோனுக்கு ரத்தம் வராது, வீங்காது, ஆறவும் ஆறாது. எவ்வளவு அழுத்தினாலும் கோடு அழகாகவே விழும். நம் மாநிறத் தோல் அப்படியா? முகப்பருவைக் கிள்ளினாலே மாதக்கணக்கில் கருந்தழும்பு நிற்கும் தோல் இது. பழகாத கையில் நீண்ட ஸ்ட்ரோக் கிடைத்தால், காயம் ஆறும்போது சுற்றிலும் கருமை படியலாம். ஆழத்தில் இறங்கிய நிறம் கசிந்து பரவி, பழுப்புப் புருவம் நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும்.

லேசரில் அழித்துவிடலாம் என்று தைரியம் சொல்வார்கள். இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்த பிக்மென்ட், லேசர் பட்டதும் இன்னும் கருத்துப்போவது உண்டு. இமையில் ஐலைனர் என்றால் ஆபத்து இன்னொரு படி மேலே. ஊசிக்குப் பக்கத்திலேயே கண் இருக்கிறது.

தொழிலுக்குப் புதியவரா? 2.5-இல் தொடங்குங்கள், இமைப் பக்கம் போகாதீர்கள். முகத்தைக் கொடுக்கப் போகிறவரா? மெஷின் என்ன விலை என்று விசாரிப்பதை விடுங்கள். ஊசியின் சீல் உங்கள் கண்ணெதிரே பிரிகிறதா என்று பாருங்கள். உங்கள் நிறத்தில் இருக்கும் ஒருவருக்குப் போட்டு, ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கே எடுத்த படம் மட்டும்தான் இருக்கிறது என்றால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.