முழங்காலுக்குப் பின்னால் ஏன் நீர்க்கட்டி வருகிறது?

கல்முனை, சாய்ந்தமருதுப் பள்ளிவாசல்களில் கதிரையில் இருந்து தொழும் பெரியவர்களைப் பார்க்கிறோம். தேய்ந்த முழங்காலோடு, சிலருக்குப் பின்மடிப்பில் மெத்தென்ற கட்டியும் இருக்கும். அதுதான் பேக்கர் நீர்க்கட்டி. 1877இல் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் மொரன்ட் பேக்கர் விவரித்ததால் வந்த பெயர்.

மூட்டு தேய்ந்தாலோ, உள்ளிருக்கும் குருத்தெலும்பு கிழிந்தாலோ மூட்டுநீர் அதிகம் சுரக்கும். காலை மடக்கி நீட்டும்போது ஏறும் அழுத்தம், அந்த நீரைப் பின்புறத் தசைநார்களுக்கு இடையே உள்ள பைக்குள் தள்ளுகிறது. வழியோ ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி. போன நீர் எளிதில் திரும்பாது. ஊசியால் உறிஞ்சி எடுத்தாலும், மூட்டுக்கு வைத்தியம் செய்யாவிட்டால் மறுபடி நிறைவது இதனால்தான்.

கட்டி தானாக ஆளைக் கொல்லாது. ஆனால் அது வெடித்தால் நீர் கெண்டைக்காலுக்குள் இறங்கும்; கால் வீங்கும், சிவக்கும், வலிக்கும். ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்தாலும் இதே அறிகுறிகள்தான்! உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. வெடித்த கட்டியை உறைவென்று நினைத்து இரத்தத்தை இளக்கும் மருந்து கொடுத்தால், காலுக்குள் இரத்தம் கசியலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். கட்டி நாடிபோலத் துடித்தால் அது புடைத்த இரத்தக்குழாயாகவும் இருக்கலாம்.

கெண்டைக்கால் திடீரென வீங்கினால் எண்ணெய் பூசி உருவாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.