டிராக்டர் கிளட்ச்: சரி செய்வதா, மாற்றுவதா?

சொந்த நிலத்தை உழுவதோடு அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் ஓட்டலாம் என்று பழைய டிராக்டரை வாங்கிய சிறு விவசாயிகள் பலர். சேற்று உழவு மும்முரமாக நடக்கும்போது கிளட்ச் கைவிட்டால் இவர்களுக்கு நட்டம் இரட்டிப்பாகும். நாற்று முதிரும், நடவு ஆட்கள் காத்திருப்பார்கள், பட்டறையிலும் கூட்டம் இருக்கும். மாறாக, பெடலைச் சரி செய்தாலே போதும் என்ற நிலையில் வண்டியைப் பிரித்துப் புதுப் பிளேட் போடுவதும் வீண் செலவே. எப்போது சரி செய்தால் போதும், எப்போது மாற்றியே ஆக வேண்டும் என்பதை வண்டிக்காரர் தாமே அறிந்திருக்க வேண்டும்.

கிளட்ச் எப்படித் தேய்கிறது?

இஞ்சினோடு சுற்றும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இருக்கிறது. ஸ்பிரிங்குகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை இஞ்சினின் சக்தி கியர் பெட்டிக்குப் போகும். பெடலை மிதித்தால் பிடி விடும். பிளேட்டின் இரு பக்கமும் உள்ள லைனிங், வழுக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கிறது. இத்தனை மணி நேரம் ஓடினால் மாற்ற வேண்டும் என்று பொதுக் கணக்கு சொல்ல முடியாது. ஓட்டுபவரின் காலைப் பொறுத்ததே அதன் ஆயுள்.

முதலில் பெடலைப் பாருங்கள்

பெடலைக் கையால் அழுத்தினால் முதலில் சிறிது தூரம் எதிர்ப்பில்லாமல் இறங்கும். இதை ஃபிரீ பிளே என்பார்கள். பழைய டிராக்டர்கள் பலவற்றில் இது 2 முதல் 4 செ.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

லைனிங் தேயத் தேய இந்த அளவு குறையும். அறவே இல்லாமல் போனால், காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போது நல்ல பிளேட்கூட வழுக்கும். பெடல் கம்பியில் உள்ள நட்டைத் திருகி அளவைச் சரி செய்யுங்கள். வழுக்கல் நின்றுவிட்டால் செலவில்லை. மரை முழுவதும் திருகியும் ஃபிரீ பிளே கிடைக்கவில்லை என்றால் பிளேட் தேய்ந்து முடிந்தது என்று கொள்ளலாம்.

மாற்றியே ஆக வேண்டிய அறிகுறிகள்

ஃபிரீ பிளே சரியாக இருந்தும் கீழ்க்கண்டவை தென்பட்டால் தாமதிக்க வேண்டாம்:

1. பாரம் ஏற்றிய டிரெய்லருடன் மேட்டில் ஏறும்போதோ கலப்பை ஆழமாக இறங்கும்போதோ இஞ்சின் இரைச்சல் கூடுகிறது. வண்டி வேகம் கூடவில்லை.
2. உழும்போது கருகிய வாடை வருகிறது.
3. பெடல் ஏறக்குறைய முழுவதும் மேலே வந்த பிறகே வண்டி நகர்கிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். இஞ்சின் சூடான பிறகு, ஆள் நடமாட்டமில்லாத சமதரையில் வண்டியை நிறுத்திப் பிரேக்கைப் பூட்டுங்கள். உயர்ந்த கியரைப் போட்டு, இஞ்சின் வேகத்தை ஓரளவு கூட்டி, பெடலை விடுங்கள். நல்ல கிளட்சானால் இஞ்சின் உடனே அணையும். அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. இந்தச் சோதனையே லைனிங்கைத் தேய்க்கும். ஆகவே ஒரு முறை செய்தால் போதும்.

டூயல் கிளட்ச் வண்டிகளில் பி.டி.ஓ.வுக்குத் தனிப் பிளேட் உண்டு. உழவில் குறையில்லாமல், ரோட்டவேட்டர் மட்டும் பாரத்தில் தளர்ந்தால் அந்தப் பிளேட்டைச் சந்தேகிக்கவும்.

பிளேட் காரணமல்லாத கோளாறுகள்

கியர் போடும்போது கரகரவென்று கத்தினால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று பொருளல்ல. ஃபிரீ பிளே அதிகமாகி, கிளட்ச் முழுதும் விடுபடாமல் இருக்கலாம். மழைக்காலத்தில் நெடுநாள் நின்ற வண்டியில் பிளேட் துருப்பிடித்து ஒட்டியிருக்கவும் கூடும். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கே காரணம்.

கிளட்ச் கூட்டின் அடியிலுள்ள துளையில் எண்ணெய் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் பட்ட பிளேட் வழுக்கும், உதறும். பெட்ரோலில் கழுவிப் போடுவது நிலைக்காது. கசியும் ஆயில் சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் கெடும்.

தள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

லைனிங் தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே வந்தால் அவை பிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் கீறிவிடும். பிளேட்டோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகும்.

பிளேட்டை எடுக்க டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூலியே பெரிய செலவு. ஆகவே பிரித்த கையோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஆயில் சீல்களையும் மாற்றிவிடுவது சிக்கனம். பிளைவீலின் முகத்தில் கீறலோ நீலம் பாய்ந்த தழும்போ உண்டா என்று உடனிருந்து பார்க்கவும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

நீடித்து உழைக்க

பெடல்மேல் காலை வைத்தபடி ஓட்டக்கூடாது. சேற்றில் சக்கரம் புதைந்தால் பாதிக் கிளட்ச்சில் உறுமவிட்டு மீட்க முயல வேண்டாம். கலப்பையைத் தூக்கி, பலகை போட்டு வெளியேற்றுங்கள். சேற்று உழவுக்கு முன் கிளட்ச் கூட்டின் அடித்துளையைத் திருகாணியால் அடைத்து, உழவு முடிந்ததும் மறவாமல் திறந்துவிடுங்கள்.

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. டெல்டா விவசாயிகள் மே மாதத்திலேயே கிளட்சைச் சோதித்துவிட வேண்டும். மற்ற பகுதியினரும் வண்டி ஓய்ந்திருக்கும் கோடையில் இவ்வேலையை முடித்துக்கொண்டால், உழவு நேரத்தில் பட்டறை வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.