போட்டி மானியமும் பள்ளிச் சீர்திருத்தமும்

அரசாங்கம் பள்ளிகளுக்குப் பொருளுதவி செய்யும் முறை இருவகைப்படும். தேவையை அளந்து கொடுப்பது ஒன்று. போட்டி வைத்து, வென்றவர்க்குக் கொடுப்பது மற்றொன்று. பின்னதைப் போட்டி மானியம் என்பர். இதனால் பள்ளிகள் சீர்பெறுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இதன் முன்னோடி இங்கிலாந்தில் 1862இல் தோன்றியது. ஆறு வயதைக் கடந்த பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேறினால், பாடத்திற்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் வீதம் பள்ளிக்குக் கிடைத்தது. தவறினால் அத்தொகை போயிற்று. கற்பித்தல் வெறும் உருப்போடலாயிற்று எனப் பள்ளி ஆய்வாளராகவும் விளங்கிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டு கண்டித்தார். சென்னை மாகாணத்திலும் தேர்ச்சியை ஒட்டிய மானியம் அந்நூற்றாண்டில் வழங்கிற்று.

அமெரிக்கா 2009இல் 435 கோடி டாலரை மாநிலங்களின் போட்டிக்கு வைத்தது. பரிசு பெறுமுன்னரே பல மாநிலங்கள் கல்விச் சட்டங்களைத் திருத்தின. இது போட்டியின் நன்மை. ஆயின், விண்ணப்பம் வரைவதற்கே வல்லுநரை அமர்த்தின சில. எழுத வல்லவர்க்கே வெற்றி எளிதாயிற்று.

நம் நாட்டு வரலாறோ வேறொன்றை உணர்த்துகிறது. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ரப்பர்த் தோட்டங்களில் பள்ளிகள் பெருகியது பரிசை நாடியன்று, சட்டத்தின் கட்டாயத்தால். ஆனால் கட்டாயம் கொட்டகையைத் தந்ததேயன்றி நல்ல கல்வியைத் தரவில்லை. எனவே ஊக்கமும் வேண்டியதே.

2010 ஜனவரியில் மலேசிய அரசு உயர்தரப் பள்ளிகளென முதலில் இருபதைத் தேர்ந்து, தனி ஒதுக்கீடு வழங்கியது. இத்தகைய தேர்வில் யாவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடுவதில்லை. தமிழர் செறிந்து வாழும் புந்தோங்கில் பள்ளிக்குப் பிள்ளைகளும் உண்டு. கைகொடுக்கப் பழைய மாணவரும் உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டுக் குடிகள் பெயர்ந்த இடத்துப் பள்ளிக்கோ, பிள்ளைகளே அரிது. 150 பேருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. அங்கே சில ஆசிரியரே கற்பித்தலையும் கணக்கையும் கடிதத்தையும் சுமப்பர்.

ஆகவே, கட்டடமும் ஆசிரியரும் உரிமையாகக் கிடைத்த பின்னரே போட்டி தொடங்கவேண்டும். பரிசும் பள்ளி நிற்கும் இடத்துக்கன்று, அது நடந்து வந்த தொலைவுக்கே உரியது. அவ்வாறன்றி நடத்தும் போட்டி, உள்ளவர்க்கே மேலும் கொடுப்பதாய் முடியும்.