இணையம் மந்தமானால் குற்றவாளி யார்?

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம். பள்ளிகள் மூடியிருந்த காலம். என் மகளுக்கு ஓர் அறிவியல் முகாமுக்கான நேர்காணல் இணையவழியே நடக்கவிருந்தது. நான்கு நாள் முன்னதாக ஒரு மாலை ஒத்திகை வைத்தார்கள். கேள்வி கேட்டவர், "நான் பேசுவது கேட்கிறதா அம்மா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவள், "கேட்கிறது சார்" என்றாள். அந்தப் பதில் போய்ச் சேருமுன் அவர் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார். அறையை விட்டு வெளியே வந்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

இணைப்புக் கொடுத்த நிறுவனத்தாரைத் தொலைபேசியில் கேட்டேன். "வேகம் கூடிய திட்டத்துக்கு மாறுங்கள் சார். மாதம் 400 ரூபாய்தான் கூடுதல்" என்றார்கள். ஆண்டுக்கு 4,800 ரூபாய்! மகளுக்காகக் கட்டிவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் அளந்து பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்று வகுப்பில் நாள்தோறும் சொல்பவன் நான். ஆகவே அப்பாவும் மகளும் அளக்க உட்கார்ந்தோம்.

வேகம் வேறு, தாமதம் வேறு

எங்கள் வீட்டுக்கு வருவது பழைய தொலைபேசிச் செப்புக்கம்பி. இறக்க வேகம் விநாடிக்கு 10 மெகாபிட். ஏற்ற வேகம் 1 மெகாபிட். வெளியிலிருந்து நம் வீட்டுக்கு வருவது இறக்கம். நம் வீட்டிலிருந்து வெளியே போவது ஏற்றம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதை நினைவில் வையுங்கள். கோப்பின் அளவைப் பைட்டிலும் கம்பியின் வேகத்தைப் பிட்டிலும் சொல்வதால் பலர் குழம்பிப் போகிறார்கள்.

வேகச் சோதனை செய்தோம். சொன்னபடியே 10ம் 1ம் வந்தன. அப்படியானால் பேச்சு ஏன் திணறியது?

இங்கே இரண்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு விநாடியில் எவ்வளவு தகவல் போகிறது என்பது வேகம். ஒரு தகவல் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகிறது என்பது தாமதம். சினிமாப் படத்தை இறக்கிக்கொள்ள வேகம் போதும். இருவர் பேசிக்கொள்ளத் தாமதமே முக்கியம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி விநாடிக்குள் போய்விட்டால் பேச்சு இயல்பாக இருக்கும். வேகச் சோதனை காட்டும் பெரிய எண்கள் வேகத்தைச் சொல்கின்றன, தாமதத்தைச் சொல்வதில்லை.

எதிரொலி கேட்போம்

தாமதத்தை அளக்க 'பிங்' என்ற எளிய கட்டளை உண்டு. 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கின்றன அல்லவா? அந்த ஒலியின் பெயரையே இதற்கு வைத்தார். கணினியின் கட்டளைத் திரையில் ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, பக்கத்தில் ஒரு முகவரியைக் கொடுத்தால், ஒரு சிறு பொட்டலம் அங்கே போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆனது என்று காட்டும்.

நாங்கள் இரண்டு இடங்களுக்கு எதிரொலி அனுப்பினோம். ஒன்று, எங்கள் வீட்டு ரவுட்டர். மற்றொன்று, வெளியே ஓர் இணையதளம். ரவுட்டரிலிருந்தே எதிரொலி தாமதமாக வந்தால் கோளாறு வீட்டுக்குள், அதாவது வைஃபை அலையில் இருக்கிறது. ரவுட்டர் உடனே பதில் தந்து, வெளித்தளம் மட்டும் தாமதித்தால் கோளாறு அதற்கு அப்பால். மின்சுற்றில் பழுது தேடுவதும் இப்படித்தானே?

பகலில் அளந்தபோது ரவுட்டர் 3, வெளித்தளம் 20 மில்லி விநாடி. குறையே இல்லை. ஒத்திகை நடந்தது மாலையில். அன்று மாலை வீட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது? பக்கத்து அறையில் நான் என் பாடத்தைப் படம்பிடித்துக் கல்லூரித் தளத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்! அதே வேலையை மறுபடி தொடங்கிவிட்டு அளந்தோம். ரவுட்டர் அதே 3. வெளித்தளமோ 20, 300, 900 என்று ஏறிக்கொண்டே போய் 2,000இல் நின்றது.

"அப்பா, குற்றவாளி நீங்கள்தான்!" என்றாள் மகள்.

மாவு மில்லில் டின் வரிசை

பாதிக் குற்றம்தான் என்னுடையது. மறுபாதி, ரவுட்டர் பெட்டிக்குள் இருக்கும் நினைவகத்தினுடையது.

மாவு மில்லுக்குப் போயிருப்பீர்கள். அவரவர் டின்னை வரிசையில் வைத்துக் காத்திருப்பார்கள். ஓர் ஓட்டல்காரர் ஐம்பது டின்களை அடுக்கிவிட்டார். பின்னால் நீங்கள் ஒரு சிறு தூக்கில் மிளகாயுடன் வருகிறீர்கள். மில்லின் வேகம் குறையவில்லை. ஆனாலும் உங்கள் தூக்குக்கு முறை வர ஒரு மணி நேரம் ஆகிறது. என் பாடம் ஐம்பது டின். மகளின் குரல் சிறு தூக்கு.

எங்கள் பெட்டிக்குள் எவ்வளவு வரிசை நின்றது என்று கணக்கிட்டோம். தாமதம் 2 விநாடி. ஏற்ற வேகம் விநாடிக்கு 1,000 கிலோபிட். ஆகவே வரிசை 2,000 கிலோபிட், அதாவது 250 கிலோபைட். ஒரு பொட்டலம் 1,500 பைட் என்று கொண்டால் ஏறத்தாழ 167 பொட்டலங்கள்!

ஏற்றம்தானே அடைபட்டது, இணையப் பக்கங்கள் இறங்குவதும் ஏன் மந்தமாகிறது என்று கேட்பீர்கள். வந்து சேர்ந்த பொட்டலங்களுக்கு நம் கணினி ரசீது அனுப்பவேண்டும். ரசீதும் அதே வரிசையில்தான் நிற்கவேண்டும். ரசீது தாமதித்தால் அனுப்புபவரும் தயங்குகிறார்.

இழப்பதும் ஒரு செய்தி

1986 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு விந்தை நேர்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜ தூரம்தான். அவற்றுக்கிடையே விநாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் ஒரு வழிமுறையை 1988இல் வெளியிட்டார். அதன்படி, அனுப்புபவர் சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டவேண்டும். ஒரு பொட்டலம் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று உணர்ந்து குறைத்துக்கொள்ள வேண்டும். மில் திண்ணை நிரம்பி, "இடமில்லை" என்று ஒரு டின் திரும்பி வந்தால்தான் ஓட்டல்காரர் நிறுத்துவார் என்பதைப் போல.

பின்னர் நினைவகம் மலிவானது. ஒரு பொட்டலமும் தொலையக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பெட்டிகளுக்குள் பெரிய பெரிய திண்ணைகளைக் கட்டிவிட்டார்கள். டின் திரும்பி வருவதே இல்லை. வரிசை நீண்டுகொண்டே போகிறது. 2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார். பொட்டலத்தைத் தேக்கி வைக்கும் இடம் வீங்கிவிட்டது என்று பொருள். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 'கோடல்' என்ற தீர்வைத் தந்தனர். பொட்டலங்கள் 5 மில்லி விநாடிக்கு மேல் காத்திருக்கும் நிலை 100 மில்லி விநாடி நீடித்தால், அது ஒரு பொட்டலத்தை வேண்டுமென்றே கைவிடும். அனுப்புபவர் செய்தியைப் புரிந்துகொள்வார்!

பத்து நிமிட விலை

எங்கள் பழைய பெட்டியில் கோடல் இல்லை. ஆனால் பாடம் ஏற்றும் மென்பொருளில் வேக வரம்பு வைக்க முடிந்தது. விநாடிக்கு 800 கிலோபிட் என்று வைத்தேன். மில் அரைக்கும் வேகத்தைவிட மெதுவாக டின் வந்தால் வரிசையே சேராதல்லவா? எதிரொலி 45 மில்லி விநாடிக்கு இறங்கியது. 300 மெகாபைட் பாடம் 40 நிமிடத்தில் ஏறியது. இனி 50 நிமிடம் ஆகும். இழப்பு பத்தே நிமிடம். நிறுவனத்தார் சொன்ன புதிய திட்டத்தையும் படித்துப் பார்த்தேன். இறக்க வேகம் இரட்டிப்பு. ஏற்ற வேகம் அதே 1 மெகாபிட். 4,800 ரூபாய் கட்டியிருந்தாலும் குரல் திணறியே இருக்கும்.

நேர்காணல் அன்று நான் ஏற்றும் வேலையையே தொடவில்லை. பேச்சு ஒரு தடவைகூட அறுபடவில்லை. விடை தெரியாத ஒரு கேள்விக்கு, "தெரியாது சார்" என்று அவள் சொன்னதும் தெளிவாகவே போய்ச் சேர்ந்தது!

நீங்களும் செய்து பாருங்கள்

வீடு அமைதியாக இருக்கும்போதும், ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போதும் ரவுட்டருக்கும் வெளித்தளத்துக்கும் எதிரொலி அனுப்பி, நான்கு அளவுகளையும் ஏட்டில் குறியுங்கள். ஏற்றும்போது வெளித்தளம் மட்டும் தாமதித்தால் வரிசையைக் குறையுங்கள். கைப்பேசி தானாகப் படங்களை ஏற்றுகிறதா என்றும் பாருங்கள். ரவுட்டரே தாமதித்தால் அலையைக் கவனியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அதிர்வெண்ணில் இயங்குவதால், பக்கத்தில் இருந்தால் இடைஞ்சல் தரும். பெட்டியை அடுப்பிலிருந்து தள்ளி, சுவர் மறைக்காத உயரமான இடத்தில் வையுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அளவுங்கள்.

உங்கள் வீட்டில் குற்றவாளி யார் என்பதை அந்த நான்கு எண்கள் சொல்லும். அது நீங்களாகவே இருந்தாலும் வருந்தாதீர்கள்!